கை கழுவியதும் கை நனைத்ததும்



மூன்று நாளாகப் பண்பொழியில் சாரல். திருமலைக் கோயில் மேகத்துக்குள் போய்விட்டது. வெளியே இறங்க முடியாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். ஷார்ஜாவிலிருந்து பேத்தி வீடியோ காலில் வந்தாள். ஏழு வயது. அவளுடைய அப்பா சின்ன வயதில் எப்படி என்று கேட்டாள். "உங்க அப்பனா? புத்தகம் வாங்கணும்னு ரூபா வாங்கிட்டுப் போயி குற்றாலத்துல சுத்திட்டு வருவான். என் தலையில மொளகா அரைச்சவன்லா அவன்!" என்றேன்.

பிள்ளை முகம் சுருங்கிவிட்டது. "எரியலையா தாத்தா? தலைக்குக் குளிச்சீங்களா?" என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உள்ளே இருந்த ஆச்சியைக் கூப்பிட்டு அவளிடமும் சொல்லிச் சிரித்தேன். ஒரு நிமிஷம் கழித்துத்தான் போனைப் பார்த்தேன். பிள்ளைக்குக் கண் கலங்கியிருந்தது. "நான் என்ன தப்பாச் சொன்னேன்? ஏன் என்னப் பாத்து சிரிக்கிறீங்க?" என்றாள்.

அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. இதே கேள்வியை, வாயால் கேட்காமல் கண்ணால் கேட்ட இன்னொரு பிள்ளை என் வாழ்க்கையில் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன்னால், முப்பது வருஷத்துக்கு மேல் தமிழ் வாத்தியாராக இருந்தவன் என்ற உரிமையில் ஒரு கருத்தைச் சொல்ல வேண்டும்.

மரபுத்தொடரை நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டு சிரிக்க வைப்பது நம் கதைகளில் ரொம்பப் பழைய வித்தை. அந்த வித்தை தெரியாதவனைப் பார்த்துச் சிரிப்பதற்காக வந்ததில்லை. தெரிந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து சிரிப்பதற்காக வந்தது. நம்மில் பலர், குறிப்பாக என்னைப் போன்ற வாத்தியார்கள், அதைத் தலைகீழாகப் பயன்படுத்தியிருக்கிறோம்.

எங்கள் ஆச்சி சொன்ன கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். என்னிடம் படித்தவர்களில் சிலர் வகுப்பில் கேட்டிருப்பீர்கள். கேட்காதவர்களுக்காக இன்னொரு முறை.

ஒரு பண்ணையாரிடம் ஒரு வேலையாள். ரெண்டு கோட்டை நெல் கூலி பாக்கி. கார் அறுப்பில் போய்க் கேட்டான். "பிசானத்துல பாத்துக்கலாம்லே" என்றார் பண்ணையார். பிசானமும் அறுத்தாயிற்று. சாக்கை எடுத்துக்கொண்டு போய் நின்றான். பண்ணையார் சொன்னார்: "பாத்துக்கலாம்னுதானலே சொன்னேன்? இந்தா, நீ என்னயப் பாத்தாச்சு. நான் உன்னயப் பாத்தாச்சு. போய் வேலையைப் பாரு."

அவன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் பண்ணையார், "மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வாலே" என்றார். ஓட்டிக்கொண்டு போனான். போன சுருக்கில் திரும்பி வந்தான். மாட்டுக்கு நாக்கு தொங்குகிறது. "குடிச்சுதாலே?" என்று கேட்டார். "குடிக்கவா சொன்னீக? காட்டச் சொன்னீக. குளத்தாங்கரையில நிறுத்தி, அந்தா பாரு தண்ணின்னு காட்டிட்டுக் கூட்டியாந்துட்டேன்."

மத்தியானம். "களத்துல நெல்லு காயுது. அதுமேல ஒரு கண்ணு இருக்கட்டும்." சாயந்திரம் வந்து பார்த்தால் களம் முழுக்கக் கோழி. இவன் ஒரு கையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, மறு கண்ணால் நெல்லையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். "கோழியை வெரட்டலாம்லலே!" "நெல்லுமேல கண்ணு இருக்கட்டும்னீக. கோழி மேலயும் வைக்கச் சொல்லலியே."

பண்ணையாருக்குக் கோபம் வந்துவிட்டது. "இனி வாயைத் தொறக்கப்பிடாது, பாத்துக்க!" என்று கத்தினார். ராத்திரி வைக்கோல் படப்பில் தீ. இவன் ஓடிவந்து கையைக் காட்டுகிறான், குதிக்கிறான், ஒரு வார்த்தை வரவில்லை. "என்னலே, வாயைத் தொறந்து சொல்லு!" என்றார். இவன் வாயை ஆவென்று திறந்துகொண்டு நின்றான்.

தீயை அணைத்த பிறகு பண்ணையாரம்மா வெளியே வந்தாள். "அவன் கூலியை அளந்து போட்டிருங்க. இல்லேன்னா இனி ஆயுசுக்கும் ஒவ்வொரு வார்த்தையையும் அளந்துதான் பேசணும்" என்றாள்.

கதை இவ்வளவுதான். ஆச்சி எழுதப் படிக்கத் தெரியாதவள். ஆனால் இந்தக் கதையில் எத்தனை மரபுத்தொடர் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பாத்துக்கலாம், தண்ணி காட்டு, ஒரு கண்ணு, வாயைத் திற, அளந்து பேசு. இன்னொன்றையும் கவனியுங்கள். நேர்ப்பொருள் வித்தையை முதலில் கையில் எடுத்தவர் பண்ணையார். கூலி கொடுக்காமல் இருக்க ஒரு வார்த்தையின் மேலோட்டமான அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டார். வேலையாள் அதே வித்தையை அவருக்கே திருப்பிக் கொடுத்தான். அவன் முட்டாள் இல்லை. முட்டாள் வேஷம் போட்டவன்.

இன்றைக்கும் இது நடக்கிறது. கடையில் "இன்று ரொக்கம் நாளை கடன்" என்று எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். நாளைக்குப் போனாலும் பலகையில் இன்றுதான் இருக்கும். அது விளையாட்டு, நாமும் சிரித்துவிட்டுக் காசைக் கொடுத்துவிட்டு வருகிறோம். ஆனால் கடன் பத்திரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் வார்த்தைகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன. அங்கே நமக்குச் சிரிப்பு வருவதில்லை.

இனி பரமார்த்த குருவுக்கு வருவோம். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையை வைத்துப் பார்த்த கதையும், பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று வாங்கிய கதையும் எல்லாருக்கும் தெரியும். நம் விஷயத்துக்கு வேண்டியது தலைப்பாகைக் கதை. குரு குதிரைமேல் போகும்போது தலைப்பாகை கீழே விழுந்துவிடுகிறது. சீடர்கள் எடுக்கவில்லை. ஏன் என்று கேட்டால், நீங்கள் எடுக்கச் சொல்லவில்லையே என்கிறார்கள். விழுந்ததை எல்லாம் எடுக்க வேண்டாமா என்று குரு சத்தம் போடுகிறார். அடுத்தபடியாகக் குதிரையிலிருந்து விழுந்தது சாணம். அதையும் பயபக்தியோடு எடுத்துத் தலைப்பாகையில் வைத்துக் கொடுக்கிறார்கள். எதை எடுக்க வேண்டும் என்று ஓலையில் பட்டியல் எழுதிக் கொடுக்கிறார் குரு. கடைசியில் குருவே குழியில் விழுகிறார். சீடர்கள் ஓலையைப் படித்து, பட்டியலில் உள்ள அவருடைய துணிமணிகளை எல்லாம் எடுத்துக்கொள்கிறார்கள். குரு மட்டும் குழிக்குள் கிடக்கிறார், ஏனென்றால் அவர் பட்டியலில் இல்லை. அந்தக் கோலத்தில் கிடந்தபடியே ஓலையை வாங்கித் தன்னையும் சேர்த்து எழுதிய பிறகுதான் தூக்கிவிடுகிறார்கள்.

இதை எழுதியவர் வீரமாமுனிவர். இத்தாலியில் 1680இல் பிறந்த பெஸ்கி பாதிரியார். தேம்பாவணி பாடியவர். சதுரகராதி என்ற அகராதியை 1732இல் முடித்தவர். பேச்சுத் தமிழுக்கு என்று கொடுந்தமிழ் இலக்கணமும் எழுதினார். குருவின் கதையை 1822இல் லண்டனில் பாபிங்டன் என்பவர் ஆங்கில மொழிபெயர்ப்போடும் சொற்பட்டியலோடும் அச்சிட்டார். தமிழ் கற்க வந்த வெள்ளைக்காரர்களுக்கு அது பாடப் புத்தகம் மாதிரி.

அகராதி எழுதியவரே வார்த்தைக்கு வார்த்தை அர்த்தம் பிடிக்கும் மடையர்களைப் பற்றியும் கதை எழுதினார் என்பது எனக்கு ரொம்ப நாளாக யோசனை. அவர் நடுவயதை நெருங்கும்போதுதான் தமிழைப் படிக்க ஆரம்பித்தார். "தண்ணி காட்டு" என்று யாராவது சொன்னபோது அவரும் குளத்தைக் காட்டியிருக்க மாட்டாரா? அகராதியில் "தண்ணீர்" இருக்கும், "காட்டு" இருக்கும். ரெண்டையும் சேர்த்தால் வரும் புது அர்த்தம் ஊர்க்காரர்கள் வாயில் இருக்கும். அந்த இடைவெளியில் விழுந்து எழுந்தவருக்குத்தான் இப்படிக் கதை எழுத வரும் என்று நான் நினைக்கிறேன். இது என் ஊகம்தான். ஆனால் நம் காலத்தில் கோவில்பட்டிப் பக்கத்து இடைசெவல்காரரான கி. ராஜநாராயணனும் இப்படித்தான். கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியும் தொகுத்தார், நாட்டுப்புறக் கதைகளும் தொகுத்தார். வார்த்தையைச் சேர்க்கிறவருக்குக் கதையும் தேவைப்படுகிறது.

தெனாலிராமனை மறந்துவிடக்கூடாது. கிருஷ்ணதேவராயருக்குக் கோபம். "இனி என் முகத்தில் விழிக்காதே" என்றுவிட்டார். மறுநாள் தெனாலிராமன் தலையில் பானையைக் கவிழ்த்துக்கொண்டு சபைக்கு வந்தான். அரசன் சொன்னதை மீறவில்லை, முகத்தைக் காட்டவில்லை. சபையே சிரித்தது, அரசனும் சிரித்தான். கோபத்தில் சொன்ன வார்த்தை எவ்வளவு பெரியது என்று அரசனுக்கே விளங்கிவிட்டது. எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் தலை போயிருக்கும். கீழ்ப்படிந்து காட்டித் தப்பித்தான்.

1989இல் வந்த கரகாட்டக்காரன் படத்து வாழைப்பழக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ரெண்டு பழம் வாங்கிவரச் சொல்லி அனுப்புகிறார் கவுண்டமணி. செந்தில் ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றைக் கொண்டு வருகிறார். இன்னொன்று எங்கே என்று கேட்டால், கையில் இருப்பதுதான் அந்த இன்னொன்று என்று சாதிக்கிறார். இதில் மரபுத்தொடர் இல்லை, ஆனால் வித்தை அதேதான். சொன்ன வார்த்தையை விட்டு ஓர் அங்குலம் நகர மாட்டார். எத்தனை அடி விழுந்தாலும் அவர் தோற்கவில்லை என்பது பார்க்கிற நமக்குத் தெரியும். அதனால்தான் அந்தக் காலத்தில் பிறக்காத பிள்ளைகளும் இன்றைக்கு அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

வேலையாள், தெனாலிராமன், செந்தில் மூவரும் கீழே நிற்பவர்கள். உத்தரவு மேலேயிருந்து வருகிறது. உத்தரவு போட்டவர்தான் கடைசியில் விழிக்கிறார். பரமார்த்த குருவின் சீடர்கள் உண்மையிலேயே மடையர்கள்தான். ஆனாலும் அங்கேயும் குழியில் கிடப்பது குரு.

என் மருமகள் பேத்திக்கு வாங்கிக் கொடுத்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றை லீவில் வந்தபோது படித்துப் பார்த்தேன். அமீலியா பெடீலியா என்று பெயர், அமெரிக்காவில் பெக்கி பாரிஷ் என்ற அம்மையார் எழுதி 1963இல் வந்தது. அமீலியா ஒரு பணக்கார வீட்டில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண். வீட்டுக்காரம்மா ஒரு பட்டியல் எழுதி வைத்துவிட்டு வெளியே போகிறாள். நம் குரு எழுதிய ஓலையேதான்! விளக்குகளை வெளியே போடு என்கிற மாதிரி ஒரு வரி. அணைத்துவிடு என்று அர்த்தம். இவள் பல்புகளை எல்லாம் கழற்றி வெளியே கொடியில் தொங்கவிடுகிறாள். கோழிக்கு உடுத்து என்கிற மாதிரி இன்னொரு வரி. சமையலுக்குத் தயார் செய் என்று அர்த்தம். இவள் கோழிக்குச் சட்டை தைத்துப் போட்டுவிடுகிறாள்.

எனக்குப் பிடித்தது அந்தக் கதையின் முடிவு. அவள் சுட்டுக் கொடுத்த இனிப்பு ரொம்ப ருசியாக இருந்ததால் வேலை தப்புகிறது. அதோடு, வீட்டுக்காரம்மா தன் பேச்சை மாற்றிக்கொள்கிறாள். அமீலியாவுக்குப் புரிகிற மாதிரி எழுதக் கற்றுக்கொள்கிறாள். திருந்தியது வேலைக்காரப் பெண் இல்லை, பட்டியல் எழுதியவள். வாத்தியார் வேலை பார்த்த எனக்கு அந்த இடத்தில் சுருக்கென்றது.

இப்போது அந்தப் பிள்ளையின் விஷயம்.

1990களில் நடந்தது. எந்தப் பள்ளி என்பது வேண்டாம், எந்த வருஷம் என்பதும் வேண்டாம். ஏழாம் வகுப்பு. "பின்வரும் மரபுத்தொடர்களை வாக்கியத்தில் அமைத்து எழுதுக" என்று ஒரு கேள்வி. முதலைக் கண்ணீர், ஆகாயத்தாமரை, கம்பி நீட்டுதல், கை கழுவுதல். ஒன்றுக்கு ரெண்டு மதிப்பெண். ஒரு பையன் முதல் மூன்றையும் பிசகில்லாமல் எழுதியிருந்தான். நாலாவதற்கு, "சாப்பிடுவதற்கு முன் நன்றாகக் கை கழுவ வேண்டும்" என்று எழுதியிருந்தான்.

நான் அவனை எழுப்பி நிறுத்தினேன். வாக்கியத்தை உரக்கப் படித்தேன். "சுகாதாரப் பாடத்துக்குப் படிச்சிட்டு வந்திருக்கான்லே!" என்றேன். வகுப்பே சிரித்தது. "இதுக்கு முட்டைதான்" என்று சொல்லித் தாளில் சைபரைப் பெரிதாகப் போட்டேன். அதற்கும் ஒரு சிரிப்பு. அவன் என்னை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தான். திமிர் என்று நினைத்துக்கொண்டேன்.

இருபது வருஷத்துக்கு மேல் கழித்து, ஒரு தைப்பூசத்தன்று திருமலைக் கோயில் அடிவாரத்தில் அவனைப் பார்த்தேன். செங்கோட்டையில் மர அறுவை மில்லில் வேலை, ரெண்டு பிள்ளைகள். "ஐயா, என்னைத் தெரியுதா?" என்றான். தெரிந்தது. அந்தப் பரீட்சைத் தாளை நானே எடுத்தேன். பழைய வேடிக்கை என்ற நினைப்பில்தான் எடுத்தேன். "கை கழுவச் சொன்னவன்லா நீ!"

அவனும் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். "அதுக்கு அர்த்தம் தெரியும் ஐயா. அந்த வருஷந்தான் எங்கப்பா எங்களை விட்டுட்டுப் போயிட்டாரு. வர்றவுக போறவுக எல்லாம் 'உங்கப்பன் உங்களக் கைகழுவிட்டுப் போயிட்டானே'ன்னுதான் எங்கம்மாகிட்ட கேப்பாவ. அதை வாக்கியமா எழுதுனா நீங்க வாசிச்சிருவீகளோன்னு பயம். அதான் அப்படி எழுதுனேன்."

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

வகுப்பிலேயே அந்தத் தொடரின் ரெண்டு அர்த்தமும் தெரிந்த ஒரே ஆள் அவன். வேண்டுமென்றே நேர்ப்பொருளுக்குள் ஒளிந்துகொண்டான். தெனாலிராமன் தலையில் கவிழ்த்த பானை மாதிரி, முகம் தெரியாமல் இருக்க ஒரு வாக்கியம். நான் அந்தப் பானையை வகுப்பு முன்னால் தட்டி உடைத்தேன். குருவின் குழியில் கிடந்தது நான்தான் என்று தெரிய எனக்கு அத்தனை வருஷம் ஆயிற்று.

இதை எழுதலாமா என்று அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க ஐயா, பேரு மட்டும் வேண்டாம்" என்றான்.

உங்களில் நிறையப் பேர் இப்போது ஆசிரியர்கள். அதனால் சொல்கிறேன். ஒரு பிள்ளை மரபுத்தொடரை நேர்ப்பொருளில் எழுதினால் அதற்கு நாலு காரணம் இருக்கலாம். உண்மையிலேயே கேள்விப்படாமல் இருக்கலாம். வீட்டில் தெலுங்கோ மலையாளமோ சௌராஷ்டிரமோ பேசுகிற பிள்ளையாக இருக்கலாம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலருக்குச் சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வதுதான் இயல்பு, அது அவர்கள் அறிவுக் குறைவு இல்லை. நாலாவதாக, எல்லாம் தெரிந்தே அப்படி எழுதுகிறவனும் இருப்பான். இதில் ஒன்றுக்குக்கூட வகுப்பைச் சிரிக்க வைப்பது பதில் இல்லை. பக்கத்தில் கூப்பிட்டு, "இதுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு, தெரியுமாலே?" என்று கேட்டால் போதும். அந்த ஒரு கேள்வியை அன்றைக்கு நான் கேட்டிருக்கலாம்.

இன்னொன்று. மரபுத்தொடரை அகர வரிசையில் மனப்பாடம் செய்ய வைப்பதை நிறுத்துங்கள். "கயிறு திரித்தல் என்றால் பொய் சொல்லுதல்" என்று எழுதி வாங்கினால் பரீட்சை முடிந்த மறுநாள் அது போய்விடும். அதற்குப் பதில் வகுப்பை நாலு குழுவாகப் பிரித்து, புத்தகத்தில் உள்ள பத்துத் தொடரையும் கொடுத்து, "பண்ணையாரும் வேலையாளும் மாதிரி ஒரு கதை கட்டுங்க" என்று விட்டுப் பாருங்கள். கதை கட்ட வேண்டும் என்றால் ரெண்டு அர்த்தமும் தெரிந்தாக வேண்டும். ஓய்வு பெறுவதற்கு முந்தின சில வருஷங்கள் நான் இதைச் செய்தேன். "வயித்துல அடிக்காதீங்க முதலாளி" "சரி, முதுகுல அடிக்கேன்" என்று ஒரு பெண்பிள்ளை எழுதியது இன்னும் மனசில் நிற்கிறது. பிழைப்பைக் கெடுப்பதையும் கையால் அடிப்பதையும் ஒரே வரியில் வைத்துவிட்டாள். முதலாளி எப்படிப்பட்டவன் என்றும் காட்டிவிட்டாள்.

இப்படிச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் பெரியவர்களை எதிர்த்துப் பேசப் பழகிவிடுவார்கள் என்று ஒரு தலைமையாசிரியர் என்னிடம் வருத்தப்பட்டார். அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை உண்டு. பிள்ளைகள் நம் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நம்மைத் திணறடிக்கத்தான் செய்வார்கள். ஆனால் வார்த்தையை வைத்து எதிர்க்கத் தெரிந்தவன் கல்லை எடுக்க மாட்டான். நாமும் கொஞ்சம் அளந்து பேசக் கற்றுக்கொள்வோம்.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிற உறவுகளுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைக்குப் புரியாது என்று எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொல்லிவிடாதீர்கள். மிளகாயை அரையுங்கள். பிள்ளை "எரியலையா?" என்று கேட்கட்டும். சிரித்துவிடாமல் கதையைச் சொல்லுங்கள். நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்களேன். பண் பொழிகிற ஊர், பாட்டு மழை கொட்டுகிற ஊர் என்று ஒரு மாணவன் கட்டுரை எழுதினான். பைம்பொழில், பச்சைச் சோலை என்பதுதான் பண்பொழி ஆயிற்று என்று சொல்வார்கள். ஆனாலும் அவன் பிரித்த விதத்தை நான் அடிக்கவில்லை. பக்கத்தில் "இதுவும் அழகுதான்" என்று எழுதினேன். அதற்குள் எனக்குக் கொஞ்சம் புத்தி வந்திருந்தது.

பேத்தியிடம் மறுநாளே பேசினேன். சிரித்தது தப்பு என்று சொன்னேன். தலையில் மிளகாய் அரைப்பது என்றால் என்ன என்று சொன்னேன். "அப்போ அப்பா உங்கள ஏமாத்தினாரா?" என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் வேலையாள் கதையைச் சொன்னேன். வாயை ஆவென்று திறந்துகொண்டு நின்ற இடத்தில் அவளும் திறந்துகொண்டு நின்றாள்.

ரெண்டு நாள் கழித்து மகன் பேசினான். "என்னப்பா சொல்லிக் கொடுத்தீங்க இவளுக்கு? போனைக் கீழ வைடின்னு சொன்னேன். தரையில வச்சுட்டு, குப்புறப் படுத்துக்கிட்டுப் பாத்துக்கிட்டே இருக்கா. கேட்டா, கீழதான வச்சிருக்கேன்கிறா!" என்றான். நான் சிரித்தேன். பின்னால் அவள் சிரிப்பதும் கேட்டது. போனை வைக்க மனமே வரவில்லை. இனி அவளுக்குத் தமிழ் போகாது.

அந்தப் பையனைப் பற்றி ஒரு மிச்சம் இருக்கிறது. தைப்பூசத்தன்று அவன் என்னை அப்படியே விடவில்லை. "வீட்டுக்கு வந்து கை நனைச்சிட்டுத்தான் போகணும் ஐயா" என்று பிடித்த பிடியாகக் கூட்டிக்கொண்டு போனான். நம் பக்கத்தில் கை நனைப்பது என்றால் ஒருத்தர் வீட்டில் சாப்பிடுவது. உறவு இருக்கிறது என்பதற்கு அடையாளம் அது. சண்டை போட்டவர்கள் "அவன் வீட்டில் கை நனைக்க மாட்டேன்" என்பார்கள். கை நனைப்பதும் கை கழுவுவதும் கையில் தண்ணீர் படுவதுதான். ஒன்று சேர்த்துக்கொள்வது, இன்னொன்று விட்டுவிடுவது. இத்தனை வருஷம் மரபுத்தொடர் நடத்தியவனுக்கு அந்த வீட்டு வாசலில்தான் இது உறைத்தது.

அவனுடைய அம்மா இலை போட்டுச் சோறு வைத்தார்கள். நான் எதையும் பேசவில்லை, அவர்களும் எதையும் கேட்கவில்லை. சாப்பிட்டு எழுந்ததும் செம்பில் தண்ணீர் கொண்டு வந்து, "ஐயா, கை கழுவிக்கிடுங்க" என்றார்கள்.

அவன் பின்னாலிருந்து சொன்னான்: "ஏம்மா, வார்த்தையைப் பாத்துப் பேசு. வாத்தியார் முட்டை போட்டுருவாரு."

அம்மாவுக்கு விஷயம் தெரியாது. "முட்டை வேணுமா ஐயா? முதல்லயே சொல்லப்பிடாதா, கோழி நிறைய நிக்கே!" என்றார்கள்.

அவன் சிரித்தான், நானும் சிரித்தேன். அம்மா திகைத்து நிற்பதைப் பார்த்ததும் அவன் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, பரீட்சைத் தாள், சைபர், முட்டை என்று எல்லாவற்றையும் சொன்னான். அப்பாவைப் பற்றிய பகுதியை விட்டுவிட்டுச் சொன்னான். பிறகு அவர்களும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். எனக்கு வகுப்பில் செய்யத் தெரியாததை அவன் அந்த ஐந்து நிமிஷத்தில் செய்து முடித்தான்.

பிள்ளைகளே, உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது நடந்திருக்கும். ஒரு வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டு யாராவது முழித்திருப்பார்கள். கீழே எழுதுங்கள். நான் உங்களைப் பார்த்து அப்படிச் சிரித்திருந்தால் அதையும் எழுதுங்கள். சாரல் நிற்கிற மாதிரித் தெரியவில்லை, உட்கார்ந்து எல்லாவற்றையும் வாசிப்பேன்.

அன்புடன்,
உங்கள் தமிழய்யா
பண்பொழி